விண்வெளிக் கதையில் வயர்லெஸ் பழுதானால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

விசைப்படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. படகுக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "பேச மாட்டேன் என்கிறது, அண்ணாச்சி" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு விவரமும் வராது. நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இரைச்சலாவது கேட்கிறதா?" கேட்கிறது என்றால் மின்சாரம் போகிறது, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ரிசீவரில் பாதியாவது உயிரோடு இருக்கிறது என்று பொருள், ஆன்டெனாப் பக்கம் நகரலாம். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். பல சமயம் உப்புக் காற்றில் கேபிள் முனை களிம்பேறிக் கிடக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தால் முடிந்தது.

இரவில் விஞ்ஞானக் கதைகள் படிப்பேன். அது தெரிந்த இளைஞர்கள் சிலர் தங்கள் கதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். அங்கேயும் இதே புகார்தான். கதை சூடுபிடிக்கும் இடத்தில் "தொடர்பு துண்டிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். எங்கே துண்டிக்கப்பட்டது, எப்படி, அந்த நொடியில் காதில் என்ன விழுந்தது என்று இருக்காது. படகுக்காரரை நான் மன்னித்துவிடுவேன், மீன் பிடிப்பதுதான் அவர் வேலை. எழுத்தாளரை மன்னிக்க மனம் வருவதில்லை. வயர்லெஸ் பழுதாவதற்கு ஒழுங்கான வழிகள் இருக்கின்றன. கதையிலும் அந்த வழிகளில்தான் அது பழுதாக வேண்டும்.

அண்மையில் ஒரு தம்பி அனுப்பிய கதையையே மாதிரிக்கு எடுத்துக்கொள்கிறேன். வியாழனின் நிலவு ஒன்றில் பனிக்கட்டி வெட்டி எடுக்கும் ஒரு சுரங்கக் கப்பல். அதன் தலைவி மங்கை. பூமியில் அவளுக்கு ஒரு மகளும் மகனும். கதை நல்ல கதை, வயர்லெஸ்தான் சரியில்லை.

பெட்டியைத் திறக்கும் முன்

மூன்று விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: பேசும் இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம், யாரிடம் பெரிய ஆன்டெனா இருக்கிறது, நடுவில் என்ன நிற்கிறது. பாதிப் பழுது இந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும்.

வானலை ஒளியின் வேகத்தில் போகிறது; நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். பூமியிலிருந்து நம் நிலவுக்கு 1.3 நொடி. செவ்வாய்க்கு, அது நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். வியாழனுக்குச் சராசரியாக 43 நிமிடம். சனிக்கு ஒரு மணிக்கு மேல். புளூட்டோவுக்கு நாலரை மணி. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனுக்கு நாலே கால் ஆண்டு. இவையெல்லாம் ஒருவழிக் கணக்கு. பதில் வேண்டுமென்றால் இரட்டியுங்கள்.

அறிகுறி: பூமியும் வியாழனும் தெருமுனையில் நின்று பேசுவதுபோல் பேசிக்கொள்கின்றன

மிக அதிகமாகக் காணும் கோளாறு இது. தம்பியின் கதையில் இப்படி இருந்தது:

"அம்மா, தம்பிக்குக் காய்ச்சல்."
"எவ்வளவு?"
"நூற்று மூன்று."
"டாக்டரிடம் போனீர்களா?"

இந்த நாலாவது வரி மகளின் காதில் விழும்போது, முதல் வரியை அவள் சொல்லி மூன்று மணி நேரம் ஆகப்போகிறது. அதற்குள் பையனுக்கு வலிப்பே வந்திருக்கலாம்.

சரிசெய்ய இரண்டு வழிகள். ஒன்று, தூரத்தைக் குறையுங்கள்; கதையை நிலவுக்குக் கொண்டுவாருங்கள். அங்கேகூடக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே இரண்டரை நொடிக்கு மேல் ஓர் இடைவெளி தொங்கும். நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டவர்களுக்கு அந்த மௌனம் தெரியும். இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடியும் ஒரே சமயத்தில் தொடங்குவார்கள். இது தேவையான இடத்தில் நல்ல நகைச்சுவை.

இரண்டாவது வழி, உரையாடலைக் கடிதமாக்குவது. தமிழில் எழுதுகிறவருக்கு இது கைவந்திருக்க வேண்டும். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி மலேயாவுக்கும் சிலோனுக்கும் கப்பலில் கடிதம் போட்டவர்கள் நம் தாத்தாக்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தே எழுதினார்கள். "இக்கடிதம் கிடைக்கும்போது அறுப்பு முடிந்திருக்கும்" என்று எதிர்காலத்தை இறந்தகாலமாக்கி எழுதத் தெரிந்தவர்கள். அந்த நடைதான் மங்கைக்கும் வேண்டும். நான் திருத்திக் கொடுத்தது இது:

"தம்பிக்குக் காய்ச்சல் என்று நீ சொன்னது இப்போதுதான் வந்தது. நீ சொல்லி முக்கால் மணி ஆகிறது. இது உன்னிடம் வரும்போது ஒன்றரை மணி ஆகியிருக்கும். இன்னும் குறையவில்லை என்றால் எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. பழைய மருந்துச் சீட்டு பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. குறைந்துவிட்டதென்றால் கஞ்சி கொடுத்துத் தூங்க வை. எதைச் செய்தாய் என்று சொல். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்."

கேள்வி ஒன்றுகூட இல்லாததைக் கவனியுங்கள். "என்றால்", "என்றால்" என்று கிளை பிரிந்து போகிறது பேச்சு. தொலைதூரத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் பேசியாக வேண்டும். விண்கலங்களுக்கு அனுப்பும் கட்டளைகளும் ஏறக்குறைய இதே நடைதான்.

அறிகுறி: படமும் குரலும் கண்ணாடிபோல் தெளிவு, எவ்வளவு தூரத்திலிருந்தும்

மங்கை தன் மகளை ஆளுயர முப்பரிமாணப் பிம்பமாகப் பார்க்கிறாள். ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் தூரம் இரட்டிப்பானால் வந்துசேரும் சக்தி கால்பங்காகும். விளக்கிலிருந்து விலக விலகப் புத்தகத்தில் வெளிச்சம் மங்குவதுபோலத்தான்.

வெளிக்கோள்களைக் கடந்து வெகுதொலைவில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் விண்கலத்தின் டிரான்ஸ்மிட்டர் ஏறத்தாழ 23 வாட். குளிர்பதனப் பெட்டிக்குள் எரியும் பல்பு அளவு. அதன் தட்டு ஆன்டெனா 3.7 மீட்டர். பூமியில் அதைக் கேட்க 70 மீட்டர் தட்டுகள் வேண்டியிருக்கின்றன. வழக்கமான தகவல் நொடிக்கு 160 பிட் (பிட் என்பது தகவலின் மிகச் சிறிய துண்டு) வேகத்தில் வந்துகொண்டிருந்தது. 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்த நியூ ஹரைசன்ஸ் விண்கலம், சில நாட்களில் சேகரித்ததை முழுக்க அனுப்பி முடிக்க 2016 அக்டோபர் வரை ஆயிற்று.

இன்னும் கெட்டுப்போன நிலை வேண்டுமென்றால் வியாழனிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1989இல் புறப்பட்ட கலிலியோ விண்கலத்துக்கு 4.8 மீட்டர் ஆன்டெனாவைக் குடைபோல மடக்கி வைத்திருந்தார்கள். 1991 ஏப்ரலில் விரிக்கச் சொன்னபோது சில கம்பிகள் ஒட்டிக்கொண்டு குடை பாதியில் நின்றுவிட்டது. ஏவும் முன் கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் லாரியில் அலைக்கழித்ததில் உராய்வைக் குறைக்கும் பூச்சு தேய்ந்துபோயிருக்கும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். வெயிலில் காட்டினார்கள், நிழலில் திருப்பினார்கள், மோட்டாரைப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை விட்டுவிட்டு இயக்கித் தட்டிப் பார்த்தார்கள். திறக்கவில்லை. நொடிக்கு 1,34,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், சின்ன ஆன்டெனாவால் முதலில் பத்துப் பதினைந்து பிட்டுகளோடு திணறியது. தகவலைச் சுருக்கும் புதிய மென்பொருளை ஏற்றி, பூமியில் பல ஆன்டெனாக்களைச் சேர்த்துக் கேட்டுத்தான் அதை 160 வரை கொண்டுவந்தார்கள். இருந்தும் அது வியாழனை எட்டு ஆண்டு சுற்றி வேலை செய்தது.

ஆகவே மங்கையின் கப்பலில் பெரிய தட்டு பாதி விரிந்து நிற்கட்டும் என்றேன். மகளின் பிம்பம் போகட்டும். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து வரி வரியாக இறங்கும் ஒரே ஒரு புகைப்படம் வரட்டும். நெற்றி முதலில் வரும், கண்கள் மத்தியானத்துக்கு மேல்.

அறிகுறி: நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது, திடீரென்று ஒன்றுமில்லை

இங்கேதான் என் பழைய கேள்வி: இரைச்சலாவது கேட்கிறதா? கதையில் "முழு மௌனம்" என்று எழுதியிருந்தால் கப்பலின் ரிசீவரோ மின்சாரமோ போயிற்று. இரைச்சல் இருக்கிறது, குரல் மட்டும் இல்லை என்றால் ரிசீவர் பெரும்பாலும் நலம். அனுப்புகிறவர் நின்றுவிட்டார், அல்லது உங்கள் ஆன்டெனா வேறெங்கோ பார்க்கிறது, அல்லது நடுவில் ஏதோ வந்துவிட்டது. இந்த ஒரு வரி வித்தியாசம் கதையின் போக்கையே மாற்றும்.

ஆன்டெனா வேறெங்கோ பார்ப்பதற்கு 2023 ஜூலை ஒரு நல்ல பாடம். வாயேஜர் 2க்கு அனுப்பிய தவறான கட்டளையால் அதன் தட்டு பூமியிலிருந்து வெறும் 2 டிகிரி விலகிப்போயிற்று. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அதன் அகலம் ஏறத்தாழ 2 டிகிரி. 1,990 கோடி கிலோமீட்டர் தொலைவில் அவ்வளவு போதும், பேச்சு நின்றது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள பெரிய தட்டிலிருந்து முழு பலத்தோடு "திரும்பு" என்று கத்தினார்கள். போய்ச் சேர பதினெட்டரை மணி, பலித்ததா என்று தெரிய இன்னொரு பதினெட்டரை மணி. ஆகஸ்ட் 4ஆம் தேதி பேச்சு மீண்டது.

அந்தக் கத்தல் பலிக்காமல் போயிருந்தாலும் அக்டோபர் 15 அன்று கலம் தானாகவே பூமியைத் தேடித் திரும்பியிருக்கும். ஆண்டுக்குச் சில தடவை அப்படிச் செய்ய முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். உங்கள் கப்பலில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கப்பலைக் கட்டியவர் வேலைக்கு லாயக்கில்லாதவர்.

இதைவிட எனக்குப் பிடித்தது அதே வாயேஜர் 2க்கு 1978 ஏப்ரலில் நேர்ந்தது. குறித்த காலத்துக்குள் ஒரு கட்டளையும் வராவிட்டால் "என் காதில்தான் கோளாறு" என்று எண்ணி மாற்று ரிசீவருக்குத் தாவும்படி அதற்குச் சொல்லியிருந்தார்கள். பூமியில் வேறு வேலை மும்முரத்தில் கட்டளை அனுப்ப மறந்துவிட்டார்கள். கலம் மாற்று ரிசீவருக்குத் தாவியது. அங்கே ஒரு மின்தேக்கி செத்திருந்ததால் அலைவரிசை நகர்வதைத் தொடர்ந்து பிடிக்க முடியவில்லை. சில மணி நேரம் கழித்துப் பழைய ரிசீவருக்கே திரும்பியது; அரை மணியில் அது நிரந்தரமாக அணைந்தது. இனி என்ன செய்ய? கலம் மறுபடி பொறுமையிழந்து தாவும்வரை ஒரு வாரம் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்த அரைச்செவிட்டு ரிசீவரோடுதான் அது யுரேனஸையும் நெப்டியூனையும் கடந்தது. ரிசீவரின் சூடு கொஞ்சம் மாறினாலும் அது கேட்கும் இடம் நகர்ந்துவிடும். ஆகவே இப்போது எந்த அலைவரிசையில் கேட்கும் என்று கணக்குப் போட்டு, அங்கேபோய்ப் பேசுகிறார்கள். காது மந்தமான பாட்டியிடம் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து பேசுவதுபோல.

"தொடர்பு துண்டிக்கப்பட்டது" என்று எழுதிய தம்பிக்கு இதைச் சொன்னபோது, "இதையே கதையாக எழுதலாமே" என்றார். ஆமாம்.

அறிகுறி: கோளின் பின்னால் போனதும் எல்லாரும் பதறுகிறார்கள்

பதறத் தேவையில்லை. கப்பல் எப்போது மறையும், எப்போது வெளிவரும் என்பது நொடி சுத்தமாகத் தெரியும். நிலவைச் சுற்றிய அப்பல்லோ கலங்கள் ஒவ்வொரு சுற்றிலும் முக்கால் மணி அளவுக்குப் பேச்சற்றுப் போயின, யாரும் அலறவில்லை. பயம் வேண்டுமென்றால், வெளிவர வேண்டிய நொடி கடந்தும் குரல் வராததாக எழுதுங்கள்.

மறுபக்கத்தில் தொடர்ந்து பேச வேண்டுமா? இடையில் ஒரு துணைக்கோள் வையுங்கள். சீனா 2018 மே மாதம் சேச்சியாவ் என்ற அஞ்சல் கலத்தை ஏவி, நிலவுக்கு அப்பால் நிறுத்திவிட்டுத்தான், 2019 ஜனவரியில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கியது. சந்திரயான் 3 இறங்கும்போது, நான்கு ஆண்டுக்கு முன் போய்ச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான் 2இன் சுற்றுக்கலத்தையே அஞ்சல்காரராக வைத்துக்கொண்டார்கள். பழைய கப்பலைப் புதிய கப்பலுக்குத் தூதாக்குவது கதைக்கும் அழகு.

ஒன்று மட்டும்: காற்று உள்ள கோளின் பின்னால் மறைந்தால் குரல் கத்தரித்ததுபோல் நிற்காது. விளிம்பில் அலை வளைந்து, தேய்ந்து போகும். 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயின் பின்னால் மறைந்தபோது அலை வளைந்த விதத்தை வைத்தே அங்கே காற்று எவ்வளவு மெலிது என்று கண்டுபிடித்தார்கள்.

அறிகுறி: கப்பல் தீப்பிழம்பாக இறங்குகிறது, தலைவி கட்டுப்பாட்டு அறையோடு வாதாடுகிறாள்

முடியாது. அந்த வேகத்தில் கலத்தைச் சுற்றியுள்ள காற்று மின்னேற்றம் பெற்ற உறையாகிவிடும். அலை உள்ளே வராது, வெளியே போகாது. அப்பல்லோ திரும்பும்போது இந்த மௌனம் மூன்று நிமிடம் அளவு. 1970 ஏப்ரலில், வழியில் பழுதாகித் திரும்பிய அப்பல்லோ 13க்கு எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டது. அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் எதை வேண்டிக்கொண்டார்களோ. பின்னாளில் விண்வெளி ஓடங்கள் (ஸ்பேஸ் ஷட்டில்) பேசிக்கொண்டே இறங்கின. அவற்றின் முதுகுப் பக்கம் உறை மெலிந்து திறந்திருந்தது; அந்த வழியாக மேலே இருந்த துணைக்கோளுக்குப் பேசின. உங்கள் கப்பலும் பேசியே தீர வேண்டுமென்றால் கீழ்நோக்கிப் பேச வேண்டாம், மேலே பேசட்டும்.

அறிகுறி: குரல் வருகிறது, ஒரு சொல்லும் புரியவில்லை

துரத்தல் காட்சிகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், ஆனால் எழுதுகிறவர்கள் கண்டுகொள்வதே இல்லை. ரயில் நெருங்கும்போது ஊதல் கூர்மையாகவும் விலகும்போது தாழ்ந்தும் கேட்கும் அல்லவா, வானலைக்கும் அதுவே. ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு வேகத்தில் விலகும் கப்பலிலிருந்து 100 மெகாஹெர்ட்ஸில் பேசினால் நமக்கு 99இல்தான் கேட்கும். பழைய இடத்திலேயே காதை வைத்துக்கொண்டிருந்தால் இரைச்சல்தான். பாதி ஒளிவேகத்தில் விலகினால், அவர்கள் பத்து நிமிடம் பேசியது நமக்குப் பதினேழு நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு வரும். குரல் தடித்து, நீண்டு, போதை ஏறியவர் பேச்சுபோல.

நிஜத்தில் இது ஒரு பயணத்தையே கவிழ்க்கப் பார்த்தது. சனியின் நிலவான டைட்டனில் இறங்க ஹைகன்ஸ் என்ற சிறு கலம், காசினி என்ற பெரிய கலத்தின் தோளில் ஏறி 1997இல் புறப்பட்டது. ஹைகன்ஸ் பேசுவதைக் காசினி கேட்டுப் பூமிக்கு அஞ்சல் செய்ய வேண்டும். எல்லாம் போய்க்கொண்டிருக்கும்போது, ஐரோப்பிய விண்வெளி முகமையின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ் ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 2000ஆம் ஆண்டில் பூமியிலிருந்து ஹைகன்ஸ் போலவே பேசிப் பார்த்தார்கள், அலைவரிசை நகர்வையும் சேர்த்து. காசினியின் ரிசீவர் அலையைப் பிடித்தது, அதில் இருந்த தகவலைக் குப்பையாகக் கொடுத்தது. காரணம், இருவரும் நெருங்கும் வேகத்தால் அலை நகர்வதைக் கணக்கில் எடுத்தவர்கள், ஒவ்வொரு பிட்டும் வந்துவிழும் தாளமும் மாறும் என்பதை விட்டுவிட்டார்கள். பறந்துகொண்டிருக்கும் ரிசீவரில் அதைத் திருத்தவும் வழியில்லை.

பெட்டியைத் திறக்க முடியாதென்றால் படகைத்தான் திருப்ப வேண்டும். காசினியின் பாதையையே மாற்றினார்கள். டைட்டனை ஒட்டிப் பாய்வதற்குப் பதில் வெகுதூரத்தில் பக்கவாட்டில் கடக்கும்படி செய்ததும் நெருங்கும் வேகம் குறைந்தது, தாளம் பிடிபட்டது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் இறங்கிப் பேசியது. அப்போதும் ஒரு சறுக்கல்: காசினி கேட்க வேண்டிய இரண்டு அலைவரிசைகளில் ஒன்றின் ரிசீவரை இயக்கும் கட்டளையைச் சேர்க்க விட்டுப்போயிற்று, பாதிப் படங்கள் காற்றோடு போயின. இவ்வளவு பெரிய வேலையிலும் ஸ்விட்ச் போட மறப்பார்கள் என்பது எனக்கு ஏதோ ஓர் ஆறுதல்.

அறிகுறி: இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது

பின்னால் சூரியன் இருக்கிறதா பாருங்கள். சூரியன் பெரிய இரைச்சல்காரர். அவரைச் சுற்றி ஓடும் மின்னேற்றத் துகள்கள் வேறு அலையைச் சிதறடிக்கும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே சூரியன் வந்து நிற்பது ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒரு முறை. அப்போது இரண்டு வாரம் அளவுக்குச் செவ்வாயில் உள்ள கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவைப்பார்கள். பாதி சிதைந்த கட்டளையைக் கலம் தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. மௌனமே மேல்.

சூரியக் காற்று அலையைக் கலைப்பதைக் கேட்டே ஆராயும் இடம் நம் ஊட்டி அருகே முத்தோரையில் 1970 முதல் இருக்கிறது. அங்கே உள்ள வானலைத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தொலைவில் உள்ள வானலை மூலங்கள் சூரியக் காற்றின் வழியாக வரும்போது, நட்சத்திரம் மினுக்குவதுபோல் மினுக்கும், அதை அளக்கிறார்கள். மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ ஒன்றே, 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே பக்கம் உருட்டினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. ஊட்டிக்குப் படகு சவாரிக்கு மட்டும் போய் வருபவர்கள் ஒரு தடவை தள்ளி நின்றாவது பாருங்கள்.

மங்கை இருப்பது வியாழனில். அங்கே சூரியன் தொலைவு, ஆனால் வியாழனே சத்தம் போடும். 1955இல் வானியலாளர்கள் பெர்னார்ட் பர்க்கும் கென்னத் ஃபிராங்க்ளினும் 22.2 மெகாஹெர்ட்ஸில் எதையோ தேடும்போது தற்செயலாகப் பிடித்தது இது. 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அதன் நிலவான அயோ எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அந்தச் சத்தம் எழும். பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் பூமியிலிருந்தே கேட்கிறார்கள்: சில சமயம் கரையில் அலை மோதுவதுபோல், சில சமயம் தகரக் கூரையில் கூழாங்கல் கொட்டுவதுபோல். மங்கை சிற்றலையைத் திருப்பினால் கடல் கேட்கும். கடற்கரையில் பிறந்தவளாக அவளை ஆக்கிவிடுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன்.

அறிகுறி: ஒளியை முந்தும் வயர்லெஸ், எந்தக் குறையும் இல்லாதது

கற்பனைக் கருவி தப்பில்லை. ஆனால் ஐன்ஸ்டைனின் சார்புநிலைக் கோட்பாட்டின்படி, ஒளியை முந்தும் செய்தி இருந்தால் சில பயணிகளின் கணக்கில் பதில் கேள்விக்கு முன்னால் வந்துவிடும். இதை விளக்க முயலாதீர்கள், தோற்பீர்கள். கருவிக்குச் செலவும் குறையும் கொடுங்கள், போதும்.

எனக்குப் பிடித்த வழி, அதைத் தந்தி அலுவலகமாக்குவது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில்தான் மூடப்பட்டது. சொல்லுக்கு இத்தனை என்று காசு. ஆகவே உறவும் பாசமும் விகுதியும் வேற்றுமையும் உதிர்ந்து, "அப்பா கவலைக்கிடம் உடனே புறப்படு" மட்டும் மிஞ்சும். வாழ்த்துகளுக்கு எண் இருந்தது; எண்ணைச் சொன்னால் முழு வாக்கியமும் மறுமுனையில் விரியும். வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும், உள்ளே இருப்பது வேலைக்கான உத்தரவாகவே இருந்தாலும். விண்மீனுக்கு விண்மீன் பேசும் கருவி பத்துச் சொல்லுக்கு ஒரு மாத மின்சாரத்தைக் குடிக்கிறது என்று வையுங்கள். உங்கள் உலகத்தின் மொழி தானாக உருவாகும்.

அறிகுறி: எல்லாம் சோதித்தாயிற்று, எதிலும் குறையில்லை

கடைசியாக யார் எந்தப் பட்டனை அமுக்கினார் என்று கேளுங்கள். செவ்வாயில் ஆறு ஆண்டுக்கு மேல் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த வைக்கிங் 1 கலம், 1982 நவம்பரில் ஓய்ந்தது. பேட்டரி சார்ஜ் ஆவதைச் சீராக்க அனுப்பிய மென்பொருள், ஆன்டெனாவை எங்கே திருப்ப வேண்டும் என்ற குறிப்பின்மேல் எழுதிவிட்டது. விண்கல்லும் இல்லை, எதிரியும் இல்லை.

அறிகுறி: யாரும் பேச முடியவில்லை, யாரோ மூச்சுவிடும் சத்தம் மட்டும்

எங்கள் துறைமுகத்தில் ஒரு நாள் காலை எந்தப் படகும் எந்தப் படகோடும் பேச முடியவில்லை. எல்லாப் பெட்டியிலும் ஒரே குரல்: ஒருவர் தன் மைத்துனரிடம் வட்டிக் கணக்கு பேசிக்கொண்டிருந்தார், அசல் எவ்வளவு, யார் கையெழுத்து என்பது உட்பட. அவர் படகில் மைக் பட்டன் ஐஸ் பெட்டியின் அடியில் அமுங்கிக் கிடந்தது. இந்த வகைப் பெட்டிகளில் வலுவான அலை வந்தால் மற்றவற்றை விழுங்கிவிடும். அவர் பட்டனை விடும்வரை யாரும் குறுக்கே நுழைய முடியாது. அவரிடம் சொல்லலாம் என்றாலோ, பட்டன் அமுங்கியிருக்கும்வரை அவர் பெட்டி பேசுமே தவிரக் கேட்காது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மத்தியானம் கரைக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

தம்பியின் கதையில் பனிச்சுரங்கம் சரியும் இடத்தில் "தொடர்பு துண்டிக்கப்பட்டது" என்றிருந்ததை அடித்துவிட்டு இதைப் போடச் சொன்னேன். ஆறு பேர், ஒரே அலைவரிசை. ஒருவர் மார்பு தரையில் அழுந்த விழுந்து கிடக்கிறார். உடையின் பேச்சுப் பட்டன் அமுங்கியிருக்கிறது. மற்ற ஐவரை வெளியே வரச் சொல்ல மங்கைக்கு வழியில்லை. அவளுக்குக் கேட்பதெல்லாம் மூச்சு.

செய்ய வேண்டியவை: இப்படி நேர்ந்தால் எந்த அலைவரிசைக்கு மாறுவது என்று முன்பே பேசி வைத்திருந்தால் மற்றவர்கள் தாங்களாகவே மாறிக்கொள்வார்கள். மங்கையும் அங்கே போய் அவர்களை அழைக்கலாம். பிறகு ஒருவர் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பி, திசை காட்டும் ஆன்டெனாவைக் கையில் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். மூச்சு எந்தப் பக்கம் பலமாக வருகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். பனியில் மோதித் திரும்பும் அலை ஏமாற்றும். பத்தடிக்கு ஒரு தடவை நின்று மறுபடி சுழற்றிப் பார்க்க வேண்டும். நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் பெட்டி பேட்டரியை வெகு வேகமாகத் தின்னும். உடையில் எத்தனை மணி நேரத்துக்கு மின்சாரம் மிச்சம் என்று மட்டும் கதையில் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.